உதவித்தொகையும் மக்கன் பேடாவும்

எங்கள் தெருவில் என் மானத்தை வாங்கியது ஒரே ஒரு சொல். உதவித்தொகை.

பி.காம். முடித்ததும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். ஷூ செய்யத் தேவையான தோல், நூல், பசை, பக்கிள், அட்டைப்பெட்டி என்று எல்லாவற்றையும் விலை பேசி வாங்கிப் போடுகிற இடம் அது. ஒரு வருஷப் பயிற்சி. அந்த ஒரு வருஷமும் கொடுக்கிற பணத்தைச் சம்பளம் என்று சொல்ல மாட்டார்களாம். ஸ்டைஃபண்ட். அதையே தமிழில் ‘மாதாந்திர உதவித்தொகை’ என்று அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அம்மா இங்கிலீஷ் பக்கத்தைத் தள்ளிவிட்டுத் தமிழ்ப் பக்கத்தைப் படித்தாள். படித்ததோடு நின்றிருந்தால் பிரச்சினையே இல்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு பெருமையாகச் சொல்லியும் விட்டாள்.

“எம் பொண்ணுக்கு இனிமே மாசாமாசம் உதவித்தொகை வருது.”

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் சர்க்கார் உதவித்தொகை வாங்குகிறவர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். வயதானவர்கள் வாங்குவார்கள், புருஷன் இல்லாதவர்கள் வாங்குவார்கள், உடம்புக்கு முடியாதவர்கள் வாங்குவார்கள். இருபத்தொரு வயதில், கல்யாணமே ஆகாத ஒரு பெண் எப்படி வாங்க முடியும்? எதிர்வீட்டு அத்தை அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். என்னை வாசல் வெளிச்சத்தில் நிற்க வைத்து மேலும் கீழும் பார்த்தாள்.

“பாக்க நல்லாத்தானேடி கீறே? இன்னாவாம் உனுக்கு?”

“எனுக்கு ஒண்ணும் இல்ல அத்தே. அது அப்ரண்டிஸுக்குத் தர்றது.”

“அய்யய்யோ, அப்பிடி ஒரு வியாதியா?” என்று கேட்டாள் பாருங்கள், எனக்கு வந்த கோபத்தில் கதவைச் சாத்தப் போனேன். அத்தை கதவிடுக்கில் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினாள். “அது கெடக்கட்டும். எப்பிடி எழுதிப் போட்டேன்னு எனுக்கு மட்டும் சொல்லு. எங்க மாமியாருக்கு ரெண்டு வருஷமா தள்ளிக்கினே போறான்.”

அத்தையைவிடப் பெரிய தலைவலி அப்பா. என்னோடு படித்த தோழி ஒருத்தி வேலூரில் பெரிய ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ளாகச் சேர்ந்திருந்தாள். முதல் மாதமே அவளுக்கு முழுச் சம்பளம். என் ஸ்டைஃபண்டைவிட நன்றாகவே ஜாஸ்தி. அதே கடையில் எனக்கும் இடம் இருந்தது. அப்பாவுக்குக் கணக்கு நேர்க்கோடு. ஜாஸ்தி கொடுக்கிற இடம் நல்ல இடம், கம்மி கொடுக்கிற இடம் கெட்ட இடம்.

“கம்மியா குடுத்துட்டு கத்துத் தர்றேன்றான். அவனுக்கு வேல செஞ்சு குடுக்க நாம எதுக்கு அவன்கிட்ட கத்துக்கணும்?” என்றார்.

“ஒரு வருஷம் முடிஞ்சா பர்மனெண்ட் பண்ணுவாங்கப்பா. அப்புறம் சரக்கு வாங்கற பையராவலாம், மேனேஜராவலாம். ஜவுளிக்கடையில இன்னா ஆவறது? சேல மடிச்சவ சேல மடிச்சிக்கினே இருக்க வேண்டியதுதான்.”

“பண்ணலன்னா?”

என் வாய் முந்திக்கொண்டது. “பண்ணலன்னா, இல்ல அந்தக் கடைச் சம்பளத்தவிட ஒரு ரூபா கம்மியா குடுத்தாலும், மறுநாளே நீ சொல்ற கடைக்குப் போறேன். சத்தியம்.” அப்பா உடனே சரி என்று தலையாட்டினார். அவ்வளவு சீக்கிரம் அவர் ஒத்துக்கொண்டதைப் பார்த்ததும்தான், அவசரப்பட்டுவிட்டோமோ என்று எனக்கு உறைத்தது.

அவசரப்பட்டு வாயை விடுவது எங்கள் குடும்பச் சொத்து. அப்பா கூலிக்கு லுங்கி நெய்கிறவர். வீட்டில் இரண்டு பவர்லூம். சனிக்கிழமைதோறும் ஏஜெண்டு வந்து நெய்த லுங்கியை எடுத்துக்கொண்டு கூலி கொடுத்துவிட்டுப் போவார். அந்த ஏஜெண்டு பேசவே மாட்டார். ஒரு லுங்கியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார். அப்பாவால் அது தாங்காது. “ஓரத்துல ஒரு இழ விட்டிருக்கும், பாத்துக்க” என்று அவரே குறையை எடுத்துக் கொடுப்பார். ஏஜெண்டு அப்போதும் பேச மாட்டார். “சரி, நீயா பாத்து எதுனா கொறச்சிக்கோ” என்று அப்பாவே கூலியையும் குறைத்துக்கொள்வார். ஏஜெண்டு போன பிறகு அம்மாவின் கச்சேரி ஆரம்பமாகும். அதிலிருந்தும் அப்பா தறியை ஓட்டிவிட்டு அந்தச் சத்தத்தில் தப்பித்துக்கொள்வார். கூலி எத்தனையோ வருஷமாக நொண்டிக்கொண்டிருந்தது.

அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு நான் விலை பேசப் போனேன். காலை பாசஞ்சரில் ஏறி ஆம்பூரில் இறங்கினால் ஸ்டேஷனிலேயே தோல் வாசனை வரவேற்கும். முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாசனை இல்லாமல் என்னமோ குறைந்த மாதிரி இருந்தது.

எங்கள் மேனேஜர் இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு மூன்றாவது ஆளிடம் கையால் பேசுகிறவர். கற்றுக்கொடுக்க அவருக்கு நேரம் ஏது? எனக்குப் பாடம் எடுத்ததெல்லாம் சரக்கு விற்க வந்த பார்ட்டிகள்தான். ஒவ்வொருவரும் என்னை ஒரு முறை ஏமாற்றி ஒரு பாடம் நடத்தினார்கள். பசைக்காரர் ரேட்டைச் சொல்லிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காருவார். என்னால் தாங்குமா? “சரிண்ணே, உங்களுக்கும் கட்டுப்படியாவணும் இல்ல” என்று நானே அவர் கட்சிக்குப் போய்விடுவேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போவார். மேனேஜர் ஒரு காதுப் போனை மூடிக்கொண்டு, “நீ நம்ம கம்பெனியா, அவர் கம்பெனியா?” என்று கேட்பார். அப்பாவின் பெண் என்பதை ஆபீஸிலேயே நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

பார்ட்டிகளில் எனக்குப் பிடித்தவர் லேஸ் பாய். ஷூவுக்குக் கட்டுகிற லேஸ் சப்ளை செய்கிறவர், ஆற்காட்டுக்காரர். வரும்போதெல்லாம் அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா ஒரு டப்பா கொண்டுவருவார். பார்ட்டிகளிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பது கம்பெனியில் கறாரான சட்டம். ஆனால் மக்கன் பேடாவுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை போட்டிருந்தார்கள். டப்பாவாக வீட்டுக்கு எடுத்துப் போனால் லஞ்சம், அங்கேயே ஆளுக்கு ஒன்று தின்றால் மரியாதை. மரியாதை தெரியாதவள் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

பயிற்சி முடிய ஒரு மாதம் இருக்கும்போதுதான் என் தலையில் நானே கல்லைப் போட்டுக்கொண்டேன். எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருவர் ஒரு ஷூவுக்குக் கடுகு மஞ்சளில் லேஸ் கேட்டிருந்தார். லேஸ் ஆர்டர் போடுகிற வேலை என்னுடையது. எங்கள் வீட்டில் லுங்கியை ஒற்றை ஒற்றையாகத்தான் எண்ணுவோம். லுங்கிக்கு ஏது ஜோடி? ஷூ ஊரிலோ எல்லாமே ஜோடி. ஷூவும் ஜோடி, லேஸும் ஜோடி. நான் மகா புத்திசாலித்தனமாக யோசித்தேன். ஒரு ஜோடி ஷூவில் இரண்டு கால் இருக்கிறது, இரண்டு காலுக்கும் லேஸ் வேண்டும், ஆகவே ஷூவைப் போல இரண்டு மடங்கு என்று போட்டேன். பக்கத்தில் அளவு ‘ஜோடி’ என்று ஏற்கெனவே இருந்ததை என் லுங்கிக் கண் பார்க்கவில்லை. மேனேஜரும் இரண்டு போனுக்கு நடுவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

லேஸ் மால் வந்து இறங்கியது. ஒரு கால் ஷூவுக்கு இரண்டு லேஸ் வீதம், பளபளவென்று, கடுகு மஞ்சளில், மூட்டை மூட்டையாக. ஸ்டோர்ஸ்காரர் வந்து, “இன்னாம்மா, நாலு கால் இருக்கறவங்களுக்கு ஷூ பண்றோமா?” என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

மேனேஜர் முதல்முறையாக இரண்டு போனையும் கீழே வைத்தார்.

“இந்தக் கலர்ல வேற ஆர்டரே கெடையாது. இத இன்னா பண்றது? மாலையா கட்டி உன் கழுத்துல போடட்டுமா?”

“சார், ஜாஸ்தியா வந்தத பாய்கிட்ட திருப்பிக் குடுத்துடலாம் சார்.”

“வாங்குவாரா? வாங்க வெய்யி. வெச்சேன்னா உன் பர்மனெண்ட் பத்தி எச்.ஆர்.ல பேசறேன். இல்லன்னா...” என்று இழுத்தார். மிச்சத்தை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜவுளிக்கடையில் சிரித்த முகத்தோடு சேலையை விரித்துக் காட்டிக்கொண்டு நான் நிற்பது கண்ணெதிரே தெரிந்தது.

போனில் கேட்டதற்கு பாய் ஒரே போடாகப் போட்டார். “கலர் போட்ட மால் வாபஸ் கெடையாதும்மா. கடுகு மஞ்சள நான் யார் தலையில கட்டறது? நேர்ல வர்றேன், பேசிக்கலாம்.” பாசஞ்சரில் வரும்போதும் போகும்போதும் அவரிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். கெஞ்சுவதா, அழுவதா, சட்டம் பேசுவதா? மூன்றையும் கலந்து ஒரு பெரிய வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். எதிர் சீட்டு அம்மா நான் எனக்குள் முணுமுணுப்பதைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தாள்.

பாய் வந்தார். உட்கார்ந்ததும் டப்பாவைத் திறந்தார். “மொதல்ல வாய இனிப்பாக்கும்மா, அப்புறம் சண்ட போடலாம்.” பயத்தில் காலையிலிருந்து ஒன்றும் தின்னாமல் வந்திருந்தேன். ஒரு பேடாவை எடுத்து முழுசாக வாயில் போட்டேன். மக்கன் பேடாவைத் தெரிந்தவர்கள் அதை இரண்டாக விண்டுதான் தின்பார்கள். உள்ளே முந்திரியும் பாதாமும், வெளியே பாகும், ஒன்று போதும் ஒரு வாயை அடைக்க. அந்த நேரம் பார்த்து பாய் பேச்சை ஆரம்பித்தார்.

“கண்டிப்பா சொல்லிட்டேன்மா. வாபஸ் இல்ல.”

என் வசனமெல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நிற்கிறது, வழியில் பேடா. அவரையே பார்த்துக்கொண்டு மென்றேன்.

“இன்னாம்மா அப்பிடிப் பாக்கற? எனுக்கும் நஷ்டம் ஆவுது இல்ல?”

மென்றேன். பாகு வழியாமல் இருக்க உதட்டை இறுக்கிக்கொண்டேன். அது அவருக்குக் கோபமாகத் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியில் நெளிந்தார்.

“சரி, பாதி எடுத்துக்கறேன். பழக்கத்துக்காக. பாதிதான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தோஷத்தில் “தேங்க்ஸ் பாய்” என்று கத்தத்தான் வாயைத் திறக்கப் பார்த்தேன். ஒரு முந்திரி பல்லில் மாட்டிக்கொண்டது. அந்த முந்திரி மட்டும் மாட்டாமல் இருந்திருந்தால் நான் பாதியோடு எழுந்து போயிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு நாக்கால் அதோடு மல்லுக்கட்டினேன்.

“அட, இன்னா பேஜாராப் போச்சு!” என்றார் பாய். “சரிம்மா, முழுசும் அனுப்பு. கறுப்புச் சாயத்துல முக்குனா எல்லாம் கறுப்புதான், எவன் வேணாம்னு சொல்லப் போறான்? ஆனா ஒண்ணு, அடுத்த கறுப்பு லேஸ் ஆர்டருக்கு எங்கிட்டயும் ரேட் கேக்கணும். இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

விழுங்கினேன். “சரி பாய்” என்றேன். அந்த மொத்தப் பேரத்திலும் நான் பேசியது அவ்வளவுதான். அவர் எழுந்து போகும்போது மேனேஜரிடம், “சின்னப் பொண்ணுன்னு நெனச்சேன் சார், கல்லு மாதிரி உக்காந்துட்டா” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன். அன்றைக்கு ஆளாளுக்கு என்னைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது, அதைக் கெடுப்பானேன்?

வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினேன். நானே பாய், நானே நான். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, “வாயில பலகாரத்த வெச்சிக்கினு வியாபாரமா? நல்லாக் கத்துக் குடுக்கறான் உங்க கம்பெனியில” என்று நொடித்தார். ஆனால் இரண்டு நாள் கழித்து, தறியில் பாவு நூலைப் பிணைத்துக்கொண்டே, “அந்த பாய் பாதின்னு சொன்னதும் நீ இன்னா பண்ணே?” என்று கேட்டார். “மென்னேன்பா” என்றேன். “ம்” என்றார். அத்தோடு விட்டுவிட்டார்.

பயிற்சி முடிந்தது. எச்.ஆர். மேடம் கூப்பிட்டார். உள்ளே போவதற்கு முன்னால் ஒரு புளிப்பு மிட்டாயை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பேடாவுக்கு இணையாகாது, ஆனாலும் என் வாய்க்கு ஒரு பூட்டு வேண்டுமே.

“உன்ன ஜூனியர் பையரா கன்ஃபர்ம் பண்றோம்மா” என்று மேடம் ஒரு தொகையைச் சொன்னார். என் ஸ்டைஃபண்டோடு ஒப்பிட்டால் பெரிய தொகைதான். ஜவுளிக்கடைச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் கம்மி. கொஞ்சமே கொஞ்சம். ஆனால் நான் செய்த சத்தியம் ஒரு ரூபாய்க்குச் செய்தது. நெஞ்சு தறி மாதிரி அடித்துக்கொண்டது. மேடத்தின் மேஜை மேலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் இருக்குது” என்றார் மேடம்.

மிட்டாய் பாதி கரைந்துவிட்டது.

“ஆறு மாசத்துல சம்பள ரிவிஷன் வரும். தீபாவளிக்கு போனஸ்.”

மிட்டாய் முழுசும் கரைந்துவிட்டது. இனி வெறும் நாக்கைத்தான் சப்ப வேண்டும். ‘பரவால்ல மேடம்’ என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்று கதவைத் தட்டியது. எங்கள் அப்பாவின் குரலிலேயே தட்டியது.

மேடம் பேனாவைக் கீழே வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, எழுதியதை அடித்துவிட்டு, வேறு தொகையை எழுதித் திருப்பிக் காட்டினார். கடைச் சம்பளத்தைத் தாண்டி நன்றாகவே மேலே நின்றது அது. “லேஸ் கதைய உங்க மேனேஜர் சொன்னாரு. எங்களயே பர்ச்சேஸ் பண்ணிட்ட, போ” என்று சிரித்தார். வெளியே வந்து பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு மூச்சு அழுதேன், இன்னொரு மூச்சு சிரித்தேன்.

சேதி கேட்ட தோழி போன் செய்தாள். அவளுக்கு அதே கடை, அதே சம்பளம். நாளெல்லாம் நின்று கால் வீங்குகிறது என்றாள். “ஏய், உங்க ஆபீஸ்ல இன்னும் உதவித்தொகை குடுக்கறாங்களாடி?” என்று கேட்டாள். சிரிக்காமல் கேட்டாள். அடுத்த பேட்சுக்கு அவள் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

முதல் சம்பளத்தில் லேஸ் பாயிடம் சொல்லி ஆற்காட்டிலிருந்து ஒரு டப்பா பேடா வரவழைத்தேன். உன்னிடம் காசே வாங்க மாட்டேன் என்றார். நான் பேசாமல் அவரையே பார்த்தேன். “அந்த மாதிரி பாக்காதம்மா” என்று காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்குப் போனதும் அப்பா இரண்டு தறியையும் நிறுத்தினார். தறி நின்றால் எங்கள் வீட்டில் குழாய் சொட்டுவதுகூடக் கேட்கும். டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

“மாசாமாசம் வீட்டுக்குச் சம்பளத்துல கால்வாசி தர்றேன்பா” என்றேன் பெருமையாக.

அப்பா ஒரு பேடாவை எடுத்தார். விண்டு தின்கிறவர், அன்றைக்கு முழுசாக வாயில் போட்டார். தறியைப் பார்த்துக்கொண்டு மென்றார்.

“டிரெயின் செலவு இருக்குதுப்பா. மத்தியானச் சாப்பாடு வேற.”

மென்றார்.

“சரி, பாதி தர்றேன்.”

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோபமா, வருத்தமா? இத்தனை வருஷம் சோறு போட்டவரிடம் போய்ப் பாதி, கால் என்று பேசுகிறோமே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “டிரெயின் பாஸுக்கு மட்டும் எடுத்துக்கறேன்பா. மிச்சம் எல்லாம் உனுக்குத்தான்” என்று சொல்லிவிட்டேன்.

அப்பா நிதானமாக விழுங்கினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“உன் சம்பளம் எனுக்கு எதுக்கும்மா? நீயே வெச்சிக்கோ. எனுக்கு இது வருதான்னு பாத்தேன்.” டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு மூடினார். “நாளைக்கு ஏஜெண்டு வர்றான். எனுக்கு ஒண்ணு எடுத்து வெய்யி.”